ஆஃப் பாயிலுக்கு இல்லாத தடை மயோனைஸுக்கு ஏன்? ஒரு சின்னக் கடைக்காரியின் அனுபவம்

சாயங்காலக் கடை போட்டுப் பிழைக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது. பலருக்கு அது காலையில் படித்து மதியம் மறந்துபோன செய்தி. எனக்கு அந்தக் கோடைக்காலம் முழுக்க அதிலேயே போனது. யாரிடம் என்ன கேட்கலாம், எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும், அதிகாரி வந்தால் என்ன பேச வேண்டும் என்று சொல்லித்தர ஓர் ஆள் இல்லை. வீட்டுக்காரர் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். தடை சரியா தப்பா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். அதற்கு ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் கடை கொங்குப் பக்கத்து சின்ன ஊர் ஒன்றில், கல்லூரிப் பிள்ளைகள் நடந்து போகிற தெருவில் இருக்கிறது. சிக்கன் ரோல், சாண்ட்விச், ஃப்ரைஸ், சிக்கன் 65. நானும் உதவிக்கு ஒரு பையனும்தான். நல்ல நாளில் மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும். கூட்டம் வருவது ரோலுக்காக என்றாலும், வந்தவர்கள் திரும்ப வருவது மயோனைஸுக்காக. “அக்கா, மைனஸ் கொஞ்சம் எக்ஸ்ட்ரா” என்பதுதான் எங்கள் கடையில் அதிகம் கேட்கிற வாசகம். மிக்ஸி ஜாரில் முட்டை, பூண்டு, உப்பு, மிளகு, கொஞ்சம் எலுமிச்சை போட்டு, ஓடும்போதே சன்ஃபிளவர் எண்ணெயை நூல் மாதிரி விட வேண்டும். முதலில் தண்ணியாகச் சலசலவென்று சத்தம் வரும். எண்ணெய் சேரச் சேர சத்தம் அடங்கி, பிளேடு சிக்கிக்கொண்டது போல ஜார் உறுமும். அப்போது நிறுத்தினால் கரண்டியில் ஒட்டி நிற்கும். காசு மிச்சம் பிடிக்க நான் இதைச் செய்யவில்லை. எண்ணெய் விற்கிற விலைக்கு மொத்தக் கடையில் வாங்கும் மலிவுப் பாக்கெட்டே கிலோவுக்குக் குறைவாக வரும். ஆனால் பாக்கெட் இனிக்கும். எனக்கு அது பிடிக்காது, என் பிள்ளைகளுக்கும் பிடிக்காது, கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் பிடிக்காது.

தடை ஏப்ரல் 8-ஆம் தேதியிலிருந்து அமல். ஆனால் அது எனக்குத் தெரிந்தது மாதக் கடைசியில், செய்தியில் அடிபட்டபோதுதான். இடையில் எத்தனை கிலோ அரைத்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். அரசிதழில் வந்துவிட்டால் நாட்டுக்கே தெரிந்த மாதிரி என்பது சட்டத்தின் கணக்கு. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற யாரும் அரசிதழ் படிப்பதில்லை. உணவுக்கடைக்கான பதிவுச் சான்று வாங்கும்போது என் செல்போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். அந்த நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் முதல் நாளே மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன். என் முதல் மனக்குறையே அதுதான், இன்றைக்கும் மாறவில்லை. அதே சமயம், வானத்திலிருந்து திடீரென்று விழுந்த தடையும் இல்லை அது. 2022-இல் கேரளத்தில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருத்தி இறந்தாள். 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் 14 வயதுப் பெண் ஒருத்தி. கேரளா 2023 ஜனவரியிலேயே பச்சை முட்டை மயோனைஸை நிறுத்திவிட்டது. தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியில். நீங்கள் விற்கிற பொருளுக்குப் பக்கத்து மாநிலத்தில் தடை வந்தால், அது இங்கேயும் வரும் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மாற்று வழி பழகிவிடுங்கள். அவசரத்தில் பழகினால் பொருளும் வீண், பேரும் வீண்.

இன்னொன்று, உத்தரவைப் பற்றிப் பேசுகிறவர்களை நம்பாமல் உத்தரவையே தேடிப் படியுங்கள். எங்கள் வாட்ஸ்அப்பில் ஒருவர் “மயோனைஸே கூடாதாம்” என்றார், இன்னொருவர் “ஷவர்மாவே கூடாதாம்” என்றார். பாக்கெட் கம்பெனி ஆள் வந்து “முட்டைன்னு பேர் இருந்தாலே ஃபைன்” என்று பயம் காட்டி இரண்டு பெட்டி இறக்கிவிட்டுப் போனார். உண்மையில் தடை பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு மட்டும். முட்டையே இல்லாத மயோனைஸுக்கு எந்தத் தடையும் இல்லை. உத்தரவில் காரணமும் சொல்லியிருந்தார்கள்: தயாரிப்பும் சேமிப்பும் சரியில்லாமல் போனால் சால்மோனெல்லா, ஈ கோலை, லிஸ்டீரியா மாதிரியான கிருமிகள் சேர்ந்துவிடும் என்று. இதைப் படிக்க ஆகிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம். படிக்காதவர்களில் சிலர் பயத்தில் ஒரு வாரம் கடையையே மூடினார்கள்.

எங்கள் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தது செய்தி வந்த சூட்டோடு. சாயங்காலம் ஆறரை மணி, கூட்டம் கூடுகிற நேரம். நான் அன்றைக்கு முட்டை மயோனைஸ் அரைக்கவில்லை. ஆனால் ஃபிரிட்ஜில் முந்தைய நாள் அரைத்தது ஒரு டப்பாவில் இருந்தது, கொட்ட வேண்டும் என்று ஓரமாக எடுத்து வைத்திருந்தேன். “ஏம்மா, இது முட்டை போட்டதுதானே?” என்று கேட்டார். ஆமாங்க சார், கொட்டுறதுக்கு வெச்சிருக்கேன் என்றேன். “எல்லாரும் இதேதான் சொல்றாங்க” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். டப்பாவை வாசலுக்கு எடுத்துப்போய்ச் சாக்கடை ஓரத்தில் கொட்டி, மேலே ஃபினாயில் ஊற்றினார்கள். கொட்டிய சரக்கு எண்ணெய் விலையெல்லாம் சேர்த்தால் ஐந்நூறு ரூபாய் தேறாது. ஆனால் எதிர்ப் பக்கம் நின்ற யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். எட்டு மணிக்குள் ஊர்க் குழுக்களில் “கெட்டுப்போன மயோனைஸ் பறிமுதல்” என்று சுற்ற ஆரம்பித்தது. கெட்டுப்போனது என்று அதிகாரி சொல்லவே இல்லை. என் பெரியவள் படிக்கிற பள்ளிக்கூடத்துக் குழுவிலும் அது வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. கோபம்கூட இல்லை, கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பால் வாங்கப் போகும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

சோதனைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று எனக்குப் பிறகு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்கலாம், அவமரியாதை இல்லை, நல்ல அதிகாரி தானே காட்டுவார். எதை எடுத்தாலும், எதை அழித்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன பொருள், எவ்வளவு, என்ன காரணம் என்று அதில் இருக்க வேண்டும். பரிசோதனைக்கு மாதிரி எடுத்தால் அந்தப் பொருளின் விற்பனை விலையை உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மாதிரியில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம், செலவு நம்முடையது. எனக்கு மாதிரி எடுக்கவில்லை, மேம்பாட்டு அறிவிப்பு என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அதைப் பார்த்ததும் கை நடுங்கியது. கடை மூடச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அது அபராதச் சீட்டு இல்லை. இன்னின்ன குறைகளைச் சரிசெய் என்று அவகாசம் கொடுக்கிற தாள்தான். அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மேல்முறையீடும் உண்டு, அதற்கும் நாள் கணக்கு உண்டு. தாளின் பின்பக்கம் வரை படியுங்கள். என் நோட்டீஸில் மயோனைஸ் ஒரு வரி. மற்ற வரிகள் எல்லாம் வேறு: வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவச் சான்றும் டைபாய்டு ஊசியும், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, மூடி போட்ட குப்பைத்தொட்டி, பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்துவது பற்றி ஒன்று.

நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் ஒருவர் கடைக்கு வந்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். “நாலாயிரம் ஆகும் மேடம், பேசி முடிச்சுத் தர்றேன்” என்றார். யாரிடம் பேசுவார் என்று கேட்டதற்கு மேலே கையைக் காட்டினார். மேலே ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கும் அலுவலகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பின்னால் புரிந்தது, எந்தக் கடைக்கு நோட்டீஸ் போனது என்று விசாரித்து வைத்துக்கொண்டு வருகிற ஆள். குறைகளைச் சரிசெய்து படத்தோடு எழுதிக் கொடுத்தால் முடிகிற வேலை அது, எனக்கு அப்படித்தான் முடிந்தது. பதிவுச் சான்று விஷயமும் இதே கதைதான். கடை தொடங்கும்போது ஆன்லைன் சென்டரில் 2,500 ரூபாய் வாங்கினார்கள். அப்போது ஓராண்டுப் பதிவுக்கு அரசுக் கட்டணம் 100 ரூபாய்தான். ஃபாஸ்காஸ் என்கிற அரசு இணையதளத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம், அப்போது ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரைக்கும் கட்ட முடிந்தது. ஆனால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 2025-இல் நான் பார்த்தபோது இந்த நூறு ரூபாய்ப் பதிவு ஆண்டுக்கு 12 லட்சம் வரை விற்பனை உள்ள கடைகளுக்குத்தான். விற்பனை என்றால் கல்லாவில் விழுகிற மொத்தம், லாபம் இல்லை. நாளுக்குச் சராசரி 3,300 ரூபாயைத் தாண்டினால் அப்போது பதிவு போதாது, ஆண்டுக்கு 2,000 ரூபாய் கட்டி உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. நம்மில் பலர் ஜிபே கணக்கைக் கூட்டிப் பார்த்தாலே அந்தக் கோட்டைத் தாண்டியிருப்போம்.

அடுத்த இரண்டு மாதம் வியாபாரம் பாதிக்கும் கீழே. ஆள் இல்லாத கடையில் நின்றுகொண்டு எனக்கு வந்த கோபத்தில் நிறைய யோசித்தேன். எங்கள் ஊரில் எந்தப் பரோட்டாக் கடைக்குப் போனாலும் கலக்கி உண்டு. முட்டையைக் கொஞ்சம் சால்னாவோடு அடித்துக் கல்லில் ஊற்றி, முக்கால் வேகாமலே சுருட்டித் தட்டில் தள்ளுவார்கள். ஆஃப் பாயில் உண்டு, உடைத்தால் மஞ்சள் கரு ஓடும். ஜிம்முக்குப் போகிற தம்பிகள் முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள். அதே பண்ணை, அதே முட்டை. அவற்றுக்கெல்லாம் இல்லாத தடை எனக்கு மட்டும் ஏன்? அவனவன் வயிறு அவனவன் பாடு என்று விட்டுவிட வேண்டியதுதானே? சிகரெட்டைப் படம் போட்டு விற்கலாம், டாஸ்மாக்கை அரசே நடத்தலாம், நான் பூண்டும் முட்டையும் அரைத்தால் குற்றமா? இந்தக் கேள்வியை நோட்டீஸுக்குப் பதில் கொடுக்கப் போனபோது அந்த அதிகாரியிடமே கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், சிரித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்: “கலக்கி போட்டா எத்தனை நேரத்துல சாப்பிடறாங்க? ஒரு முட்டையை எத்தனை பேர் சாப்பிடறாங்க?”

அந்த இரண்டு கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். கலக்கியில் ஒரு கெட்ட முட்டை இருந்தால் ஓர் ஆளுக்குப் போகும், கல்லிலிருந்து எடுத்த மூன்றாம் நிமிஷம் வயிற்றுக்குள் இருக்கும். கொஞ்சமாவது சூடும் பட்டிருக்கும். என் ஜாரில் ஒரு கெட்ட முட்டை விழுந்தால் அது அன்றைக்கு ரோல் வாங்குகிற அத்தனை பேருக்கும் பங்கு பிரிந்து போகும், அதுவும் நாலைந்து மணி நேரம் இருந்து பெருகின பிறகு. நான் முட்டையைக் கழுவித்தான் உடைப்பேன். ஆனால் சால்மோனெல்லா ஓட்டுக்கு வெளியே மட்டும் இருப்பதில்லை, கோழிக்குள்ளேயே முட்டைக்குள் போய்விடவும் முடியும், அதைக் கழுவி என்ன பயன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் இவை செழிக்கும். நம் ஊர் மே மாதச் சாயங்காலம் அதற்கு என்று செய்துவைத்த மாதிரி. ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்பீர்கள். 400 ரூபாய்க்கு ஒரு குத்தும் தெர்மாமீட்டர் வாங்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். காலையில் 4 காட்டியது. கூட்ட நேரத்தில், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவு திறக்கிற எட்டு மணிக்கு, 11 காட்டியது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகியில் அதே எண்தான் இருந்தது. உணவுக்கடை வைத்திருக்கிற யாராக இருந்தாலும் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒரு பொருளை வாங்குங்கள். எந்த அதிகாரியும் என்னிடம் கேட்காத பொருள் அது, ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். இப்போது கூட்ட நேரத்துக்கு வேண்டியதைச் சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து ஐஸ் பெட்டியில் வைக்கிறேன், ஃபிரிட்ஜை அந்த நேரத்தில் திறப்பதே இல்லை.

விருப்பம், உரிமை என்று பேசுகிறவர்களுக்கு இன்னொரு சம்பவம். வாடிக்கையாக வருகிற ஜிம் தம்பி ஒருவன், “அக்கா, எனக்கு மட்டும் பழைய மாதிரி அரைச்சுக் குடுங்க, என்ன ஆனாலும் நான் பொறுப்புன்னு எழுதித் தர்றேன்” என்றான். உண்மையிலேயே பேனாவை எடுத்தான். அப்படி எழுதி வாங்கினாலும் சட்டத்துக்கு முன்னால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை, விற்றவள் நான்தான். அதை விடுங்கள், வயது வந்த பையன், தெரிந்தே கேட்கிறான், அவன் வயிற்றில் அரசுக்கு என்ன வேலை என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் எத்தனை பார்சல் என்று கேட்டேன். நாலு ரோல். யாருக்கு என்றேன். அவனுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கும் அக்கா பையனுக்கும் ஒவ்வொன்று. அக்காவுக்கு ஏழு மாதம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா எவ்வளவு ஆபத்து என்று அதற்குள் நான் படித்திருந்தேன். எழுதித் தருகிறேன் என்றவன் ஒருவன், சாப்பிடப் போவது நாலு பேர். தனி மனித உரிமை பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் பார்சல் கவரில்தான் கொஞ்சம் மாறியது. அவன் வீட்டில் அவனே முட்டை உடைத்து அவனே குடித்தால் யாரும் தடுக்கக் கூடாது, தடுக்கவும் இல்லை. கடையில் வாங்குகிற ரோலுக்கு அந்த நியாயம் ஒட்டாது. வாங்குகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது, வாசனையிலும் தெரியாது, நிறத்திலும் தெரியாது.

இதனால் தடை முழுக்க நியாயம் என்று நான் கட்சி மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். முட்டையை ஓட்டோடு 57 டிகிரி வெந்நீரில் ஒன்றேகால் மணி நேரம் வைத்திருந்தால் வேகாமலே கிருமி செத்துவிடும் என்று படித்தேன். தெர்மாமீட்டர் கையில் இருக்கிறதே என்று வீட்டில் செய்தும் பார்த்தேன், அருமையாக வந்தது. அதை வைத்துக் கடையில் அரைக்கலாமா என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். “கம்பெனியில பாஸ்டரைஸ் பண்ணி வாங்கினா பில் இருக்கும். நீங்க வீட்ல சுட வெச்சதுக்கு என்ன இருக்கு?” என்றார். பதில் நியாயம்தான், எரிச்சலும் வந்தது. ஓர் அதிகாரி எத்தனை நூறு கடையைப் பார்ப்பார்? அவரால் பில்லைச் சோதிக்க முடியும், நேற்று ராத்திரி என் வெந்நீர் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதைச் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாததை மொத்தமாகத் தடை செய்துவிடுவது அரசுக்குச் சுலபம். அதன் விலையைக் கவனமாகச் செய்கிறவர்களும் சேர்ந்தே கொடுக்கிறோம். 2024-இல் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்கிற துணிச் சாயம் இருந்ததாகக் கண்டுபிடித்தபோதும் குற்றம் நிறத்தில்தான், அடி விழுந்தது மிட்டாய்க்காரர் எல்லாருக்கும். சட்டம் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குக் கொடுத்திருப்பது ஓராண்டுக்குத் தடை போடும் அதிகாரம், அவசரத்துக்கு. அதே அதிகாரத்தில்தான் குட்காவுக்கு 2013-இலிருந்து ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கொண்டு வந்தார்கள். தற்காலிக அதிகாரத்தை நிரந்தரமாக இழுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. குட்கா வேறு, அதைக் கவனமாகச் செய்தாலும் கெடுதல்தான். மயோனைஸ் அப்படி இல்லை. அதற்கு ஓராண்டு அவகாசத்தில் ஒழுங்கான ஒரு வழிமுறை எழுதியிருக்கலாம்: இந்த மாதிரி முட்டை, இவ்வளவு புளிப்பு, இத்தனை மணி நேரம், இந்தப் பயிற்சி முடித்தவர் மட்டும் என்று. செய்ய முடிந்தவர் செய்யட்டும், முடியாதவர் பாக்கெட் வாங்கட்டும்.

சரி, மாற்று வழிக்கு வருகிறேன், பலர் இதைத்தான் கேட்கிறார்கள். பாக்கெட் மயோனைஸை அப்படியே வைத்தபோது பாதிப் பேர் மீதம் வைத்துவிட்டுப் போனார்கள், “இனிக்குதுங்க்கா” என்று. பால் மயோனைஸ் பழக இரண்டு வாரம் பிடித்தது, எண்ணெயே மூவாயிரம் ரூபாய்க்கு வீணாகியிருக்கும். சூட்சுமம் இதுதான்: கொழுப்புள்ள பால், காய்ச்சி ஆறவைத்து நன்றாகக் குளிர்ந்தது, ஒரு பங்கு. எண்ணெய் இரண்டு பங்கு. மிக்ஸி சூடாகிவிட்டால் திரிந்துவிடும், அதனால் ஜாரையும் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பேன், விட்டு விட்டு ஓட்டுவேன். எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும், பிழிந்ததும் சட்டென்று இறுகும். முட்டை இல்லை என்பதற்காக இதை வெளியே வைத்துவிடாதீர்கள், பாலும் பச்சைப் பூண்டும் இருக்கிறது. நான் நாலு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுகிறேன், டப்பா மேல் அரைத்த நேரத்தை மார்க்கரில் எழுதுகிறேன். இதைத் தவிரத் தொங்கவிட்டு நீர் வடித்த தயிரில் கொத்தமல்லி, பச்சை மிளகாய் அரைத்துக் கலந்து ஒன்று வைத்தேன். அதைத் தொட்டுக்கொள்ள என்றே இப்போது சிலர் வருகிறார்கள். கடை வாசலில் “முட்டை சேர்க்காத மயோனைஸ்” என்று பெரிதாக எழுதி ஒட்டினேன், அதைக் கொஞ்சம் முன்னாடியே செய்திருந்தால் வீடியோவின் சூடு சீக்கிரம் ஆறியிருக்கும். பாக்கெட் வாங்குகிறவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், முட்டை சேராதது என்பதற்கு உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

மொத்தத்தில் எவ்வளவு போனது என்று கணக்குப் பார்த்தேன். தண்ணீர்ப் பரிசோதனை 1,800, மருத்துவச் சான்றும் ஊசியும், புதுத் தொட்டி, போர்டு, வீணான எண்ணெய், எல்லாம் சேர்ந்தே பத்தாயிரத்துக்குள்தான். விற்காமல் போனதுதான் பெரிது. இரண்டு மாத வாடகையைக் கைக்காசில் கட்டியதையும் சேர்த்தால் எழுபதாயிரத்துக்குக் குறையாது. சீட்டுப் பணத்தை முன்னாலேயே தள்ளி எடுத்துச் சமாளித்தேன், அந்தத் தள்ளுபடியில் போனதை இதில் சேர்க்கவில்லை. வீடியோ எடுத்தவரைப் பற்றி எதுவும் செய்ய முடியவில்லை. குழுவில் போட்டவர்களுக்கு நோட்டீஸ் முடிந்த தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு பேர் அழித்தார்கள், ஒருவர் கட்டை விரலைக் காட்டினார்.

ஆடி முடிந்த பிறகு மறுபடியும் சோதனைக்கு வந்தார்கள், இந்தத் தடவை வேறு அதிகாரி. சான்று, தண்ணீர் அறிக்கை, ஊசி அட்டை, பால் பில், பாக்கெட் பில் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தது, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். எண்ணெயை மட்டும் ஒரு கருவி விட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேர்கிற கெடுதலான பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018-இலிருந்து விதி. எனக்குத் தாண்டவில்லை. அவரிடமும் கேட்டேன், கிருமி நீக்கிய மஞ்சள் கரு சின்னக் கடைக்காரர் வாங்குகிற அளவில், அரைக் கிலோ பாக்கெட்டாக, எங்கே கிடைக்கும் என்று. பெரிய ஓட்டல்களுக்குப் பெரிய டின்னில் வருகிறது, அவ்வளவுதான் தெரியும் என்றார். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து யாராவது அதைச் சின்னப் பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தால் நான் முதல் ஆளாக வாங்கிக்கொள்வேன். இதையே தமிழில் ஒரு மனுவாக எழுதி “முதல்வரின் முகவரி” என்கிற அரசின் குறைதீர்ப்புத் துறைக்குப் போட்டிருக்கிறேன். 1100-க்குக் கூப்பிட்டும் பதிவு செய்யலாம். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எதையும் விசாரிக்க முடியாது. என்னுடையது இன்னும் “பரிசீலனையில்” என்றே காட்டுகிறது.